இரண்டு புள்ளிகள்: தேடற்கோலத்தின் வரலாறும் தமிழ் எழுத்தும்

தமிழ் இலக்கணத்தில் புள்ளி என்பது மெய்யின் அடையாளம். எழுத்தின் தலைமேல் அமர்ந்து, அதனுள் இருக்கும் அகரத்தை அது நீக்குகிறது. உரைத்திருத்தியின் தேடற்பெட்டியில் இடப்படும் புள்ளியின் வேலை வேறு. ‘இவ்விடத்தில் எந்த எழுத்து வந்தாலும் ஏற்றுக்கொள்’ என்பதே அதன் பொருள். முதற்புள்ளியைத் தொல்காப்பியர் வரையறுத்தார். இரண்டாம் புள்ளி 1960களில் அமெரிக்க ஆய்வகங்களில் இப்பொருளைப் பெற்றது. இன்று ஒரு தமிழ் ஆய்வாளர் மின்னுரைக் கோப்பு ஒன்றைத் திறந்து தேடத் தொடங்கும்போது இவ்விரு புள்ளிகளும் ஒரே வரியில் சந்திக்கின்றன.

இச்சந்திப்பு வெறும் தொழில்நுட்பச் செய்தியன்று. ‘இச்சொல் சங்க இலக்கியத்தில் இடம்பெறவில்லை’, ‘இவ்வடிவம் கல்வெட்டுகளில் இத்தனை முறை பயில்கிறது’ என்பன போன்ற முடிவுகள் இன்று பெரும்பாலும் தேடலின் விளைவாகவே ஆய்வேடுகளில் எழுதப்படுகின்றன. எதைத் தேடினோம், கருவி எதை எழுத்து என்று எண்ணிக்கொண்டது என்ற இரண்டும் தெளிவாகாதவரை, ‘கிடைக்கவில்லை’ என்பதை ‘இல்லை’ என்று எழுத நமக்கு உரிமையில்லை. இதை விளக்கவே தேடற்கோலங்களின் வரலாற்றை இங்குச் சுருக்கமாகத் தொகுக்கிறேன். ரெகுலர் எக்ஸ்பிரஷன் அல்லது ரெஜெக்ஸ் என்பதைச் சுருங்குறித்தொடர் என்றும் தமிழில் வழங்குவர். இக்கட்டுரையில் அதைத் தேடற்கோலம் என்றே குறிக்கிறேன்.

ஏட்டிலும் அட்டையிலும் தேடியவர்கள்

ஒரு சொல்லை அதன் முழு வடிவால் அல்லாமல், அதன் ஒரு கூறைக் கொண்டு தேடும் வழக்கம் தமிழுக்குப் புதிதன்று. மண்டல புருடரின் சூடாமணி நிகண்டில், ஒரு சொற்கு உரிய பல பொருள்களைத் தரும் பதினோராம் தொகுதி எதுகை முறையில் அடுக்கப்பட்டது. இரண்டாம் எழுத்து ககரமான சொற்கள் ஓரிடத்திலும், ஙகரமானவை அடுத்த இடத்திலும் வரும். முதலெழுத்து எதுவாயினும் ஆகுக, இரண்டாம் எழுத்து இதுவாக இருக்கட்டும் என்பதே அந்த அடுக்கின் விதி. மனப்பாடம் செய்வோருக்கும் யாப்பமைப்போருக்கும் அதுவே பயன்மிக்க வரிசை. சிதம்பர ரேவண சித்தர் 1594இல் இயற்றிய அகராதி நிகண்டு முதலெழுத்து வரிசைக்கு மாறியது. வீரமாமுனிவர் 1732இல் தொகுத்த சதுரகராதியோ இரண்டுக்கும் இடமளித்தது. பெயர், பொருள், தொகை ஆகியவற்றோடு தொடைக்கும் தனிப்பகுதி ஒன்றை அவர் வைத்தார்.

இருபதாம் நூற்றாண்டில் இப்பணி சொல்லடைவுகளாக வளர்ந்தது. வ. அய். சுப்பிரமணியம் புறநானூற்றுக்குத் தயாரித்த சொல்லடைவு 1962இல் கேரளப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பண்டைத் தமிழ் இலக்கியச் சொற்களுக்கு மூன்று தொகுதிகளில் அடைவொன்றை 1967 முதல் 1970 வரை வெளியிட்டது. தாமஸ் லேமனும் தாமஸ் மால்டனும் கணினியின் துணையோடு உருவாக்கிய சங்க இலக்கியச் சொல்லடைவு 1990களின் தொடக்கத்தில் வந்தது. அண்மைக் காலத்தில் ப. பாண்டியராஜா இணையத்தில் அமைத்துள்ள தொடரடைவைப் பயன்படுத்தாத சங்க இலக்கிய மாணவர் அரியர்.

கையால் அடைவு செய்தவரிடம் ஒரு சிறப்பு இருந்தது. ‘எழுத்து’ என்றால் என்ன என்பதில் அவருக்கு ஐயம் எழவே இல்லை. ‘கா’ ஓரெழுத்து, ‘க்’ ஓரெழுத்து, ‘கொ’ ஓரெழுத்து. இலக்கணம் எண்ணியபடியே அவரும் எண்ணினார். அந்த உறுதி கணினியின் வருகையால் குலைந்தது. குலைந்த வகையை அறிய, தேடற்கோலம் எங்கே பிறந்தது என்று பார்க்கவேண்டும்.

நரம்பணுவிலிருந்து உரைத்திருத்திக்கு

தேடற்கோலத்தின் பிறப்பிடம் மொழியியலும் அன்று, கணினியும் அன்று. 1943இல் வாரன் மெக்கல்லக்கும் வால்டர் பிட்ஸும் நரம்பணுக்களின் இயக்கத்தை ஆம்–இல்லை என்னும் தருக்கக் குறிகளால் விளக்கும் கட்டுரையொன்றை எழுதினர். தருக்கவியலர் ஸ்டீபன் கிளீனி 1951இல் ராண்ட் நிறுவனத்திற்காக அதை ஆராய்ந்தார். அத்தகைய நரம்பு வலை எவ்வகை நிகழ்வுத் தொடர்களை இனங்காணும் என்பது அவருடைய கேள்வி. அவ்வாறு இனங்காணத்தக்கவற்றுக்கு ‘ரெகுலர்’ நிகழ்வுகள் என்று அவர் பெயரிட்டார். இதைவிடப் பொருத்தமான பெயரை யாரேனும் சொன்னால் வரவேற்பேன் என்றும் அங்கேயே குறித்திருந்தார். வேறு பெயர் நிலைபெறவில்லை. 1956இல் அச்சான அக்கட்டுரையிலிருந்தே ‘முன்னுள்ளது எத்தனை முறையும் வரலாம், வராமலும் இருக்கலாம்’ என்று பொருள்தரும் உடுக்குறி நமக்குக் கிடைத்தது.

அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் இக்கணிதம் உரைத்திருத்திக்குள் நுழைந்தது. பெர்க்லியில் பட்லர் லாம்ப்சனும் பீட்டர் டாய்ச்சும் உருவாக்கிய கியூஇடி என்னும் திருத்தியைக் கென் தாம்ப்சன் வேறொரு கணினி அமைப்புக்கு மாற்றி எழுதியபோது, அதில் கிளீனியின் கோலங்களைச் சேர்த்தார். பயனர் தரும் கோலத்தை உடனடியாக இயந்திரக் கட்டளைகளாக மாற்றி இயக்கும் அம்முறையை விளக்கும் அவருடைய கட்டுரை 1968 ஜூனில் வெளிவந்தது. பின்னர் பெல் ஆய்வகத்தில் யுனிக்ஸ் உருவானபோது, ‘எட்’ என்னும் திருத்தியிலும் அது தொடர்ந்தது.

எட் திருத்தியில் ஒரு கட்டளை உண்டு. ‘கோப்பு முழுவதிலும், இக்கோலம் அமைந்த வரிகளை, அச்சிடு’ என்னும் மூன்று செயல்களை அது ஒன்றாகச் சேர்த்தது. அதைத் தனி நிரலாகப் பிரித்தெடுத்ததே ‘கிரெப்’. 1973இன் யுனிக்ஸ் நான்காம் பதிப்பிலேயே அது உண்டு. அது பிரிந்த காரணம் நம் துறைக்கு நெருக்கமானது. பிரையன் கெர்னிகன் சொல்லியுள்ளபடி, பெல் ஆய்வகத்தின் லீ மெக்மஹன் அமெரிக்க அரசமைப்பு விவாதத்தின்போது புனைபெயரில் வெளிவந்த 85 ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளில் எவை யார் எழுதியவை என்று சொற்பயன்பாட்டைக் கொண்டு ஆராய விரும்பினார். அவ்வளவு பெரிய உரை எட் திருத்தியின் நினைவகத்தில் அடங்கவில்லை. ஆகவே தாம்ப்சன் தேடும் பகுதியை மட்டும் தனியே எடுத்துக்கொடுத்தார். இன்று நிரலாளரின் அன்றாடக் கருவியாகிவிட்ட கிரெப், ஆசிரியர் யார் என்னும் பாடவியல் கேள்விக்குத் துணையாக வந்தது என்பதை மொழித்துறையினர் நினைவில் கொள்வது நன்று. 1987இல் பெர்ல் மொழியை வெளியிட்டுத் தேடற்கோலங்களைப் பெரிதும் விரித்த லாரி வாலும் மொழியியல் பயின்றவரே.

இந்த வரலாற்றில் ஒரு கூறு பேசப்படாமலே இருந்தது. எட், கிரெப் ஆகியவை இயங்கிய உலகில் ஓரெழுத்துக்கு ஓர் எண். ஆங்கிலத்தின் 26 எழுத்துகளுக்கு அது இயல்பாகப் பொருந்தியது. ஆகவே ‘புள்ளி என்பது ஏதேனும் ஓரெழுத்து’ என்று கையேட்டில் எழுதியபோது, எழுத்து என்பதை வரையறுக்கவேண்டிய தேவை யாருக்கும் தோன்றவில்லை.

ஆடு கிடைக்கிறது, காடு கிடைப்பதில்லை

தமிழில் அத்தேவை உடனே எழுகிறது. சூடாமணி நிகண்டின் விதியைத் தேடற்கோலமாக எழுதிப் பார்ப்போம். வரியின் தொடக்கத்தைக் குறிப்பது ^ என்னும் குறி. அதையடுத்து ஏதேனும் ஓரெழுத்து, பின்னர் டகரம்:

^.ட

வரிக்கொரு சொல்லாக அமைந்த பட்டியலில் இதை இயக்கினால் ‘கடல்’ கிடைக்கும், ‘ஆடு’ கிடைக்கும், ‘ஓடம்’ கிடைக்கும். ‘காடு’ கிடைக்காது, ‘வீடு’ கிடைக்காது. ஆடு–காடு எதுகை என்பதைத் தமிழ் படிக்கும் சிறுவரும் அறிவர். கருவிக்கு அது தெரியாததற்குக் காரணம், ஒருங்குறியில் ‘கா’ என்பது இரண்டு குறிகளால் ஆனது என்பதே. ககரத்தின் எண் 2965, அதையடுத்துக் கால் குறியின் எண் 3006. புள்ளி ககரத்தை மட்டும் விழுங்குகிறது. இரண்டாம் இடத்தில் டகரத்தை எதிர்பார்க்கும் கோலம் அங்கே காலைக் கண்டு திரும்பிவிடுகிறது. ‘ஆ’ ஒரே குறியாதலால் ‘ஆடு’ தப்பித்தது.

இலக்கணம் எண்ணும் எழுத்தைக் கருவிக்குக் கற்பிக்க, கோலத்தை இப்படி விரிக்கவேண்டும்:

^([அ-ஔ]|[க-ஹ][ா-்]*)ட

உயிரெழுத்து ஒன்று, அல்லது மெய்யுரு ஒன்றும், அதைத் தொடரக்கூடிய உயிர்க்குறியோ புள்ளியோ இருப்பின் அதுவும், அதன்பின் டகரம் என்பது இதன் பொருள். இப்போது ஆடும் காடும் வீடும் ஒருங்கே வரும். அடைப்புக்குள் தனித்து நிற்கும் உயிர்க்குறிகள் திரையில் அலங்கோலமாகத் தோன்றலாம், முன்னுள்ள அடைப்புக்குறியின்மேல் ஏறியும் நிற்கலாம். தோற்றம் எவ்வாறாயினும் கோலம் சரியாகவே இயங்கும்.

மேலுள்ள கோலத்தில் மெய்களின் எல்லையை [க-ஹ] என்று எழுதியதற்கும் ஒரு வரலாறு உண்டு. நம் நெடுங்கணக்கில் கடைசி மெய் னகரம். அதை நம்பி [க-ன] என்று எழுதுவோர் பதினெட்டு மெய்களில் ஒன்பதையே பெறுவர். பகரம், மகரம், இடையின மெய்கள் ஆறும், றகரம் ஆகிய ஒன்பதும் விடுபடும். அழையா விருந்தாக ஜகரம் உள்ளே வரும். 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பு, இந்திய மொழிகளுக்கென 1988இல் வகுக்கப்பட்ட இஸ்கி குறியேற்றத்தின் வரிசையைப் பின்பற்றியது. தேவநாகரி அடுக்கில் நகரத்தை அடுத்துத் தமிழின் னகரம் செருகப்பட்டது, ரகரத்தை அடுத்து றகரம் வைக்கப்பட்டது. அடைப்புக்குள் இடும் சிறுகோடு இலக்கண வரிசையை அறியாது. எண் வரிசை ஒன்றையே அறியும்.

சொல்லெல்லையிலும் இதே இடர் காத்திருக்கிறது. பைத்தான் மொழியோடு இயல்பாகவே வரும் தேடற்கோலத் தொகுதியில், சொல்லுக்குரிய எழுத்தைக் குறிக்கும் சுருக்கக்குறி, உயிர்க்குறிகளையும் புள்ளியையும் சொல்லின் உறுப்புகளாக ஏற்பதில்லை. அதைக்கொண்டு ‘தமிழ்’ என்பதைச் சொற்களாகப் பிரித்தால் ‘தம’, ‘ழ’ என இரு துண்டுகள் வரும். இவ்வாறு பிரித்த உரையைக்கொண்டு சொற்பயில்வுப் பட்டியல் போட்டால், எந்த எச்சரிக்கையுமின்றி அழகிய அட்டவணை ஒன்று கிடைக்கும். அதிலுள்ள எண்கள் எதற்கும் பொருளிராது. இக்குறையைத் தவிர்க்கும் வேறு தொகுதிகளும் உள்ளன. எதைப் பயன்படுத்தினோம் என்று அறிந்திருப்பதே முதற்கடமை.

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு

ஒருங்குறிக்கு முந்திய காலம் இன்னும் சிக்கலானது. 1990களில் தமிழ் எழுத்துருக்கள் பலவும் தத்தமக்கென ஒரு குறியேற்றம் கொண்டிருந்தன. 1998 பொங்கலன்று கு. கல்யாணசுந்தரம் முதலியோர் தொடங்கிய மதுரைத் திட்டம், தன் மின்னுரைகளை முதலில் எழுத்துருவைச் சார்ந்த முறையிலும், பிறகு டிஸ்கி குறியேற்றத்திலும், இறுதியில் ஒருங்குறியிலும் தந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்னும் குறியேற்றங்களும் வந்தன.

டிஸ்கி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுதியது. ‘கெ’ என்பதில் கொம்பு முதலில், ககரம் பிறகு. ஒருங்குறி ஒலி வரிசையில் எழுதுகிறது. அதில் ககரம் முதலில், கொம்பு பிறகு. ஒன்றை மற்றொன்றாக மாற்றுவது தேடற்கோலத்துக்கே உரிய வேலை. இரு பகுதிகளையும் பிறை அடைப்புக்குள் இட்டு நினைவில் வைத்துக்கொண்டு, மாற்றும்போது இடம்மாற்றி எழுதச் சொன்னால் போதும்:

தேடுக: ([ெேை])([க-ஹ])
மாற்றுக: $2$1

ஆனால் எந்த விதியை முதலில் இயக்குவது என்பது இங்கே முக்கியம். ‘கொ’ என்பது பழைய வரிசையில் கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டுகள். இம்மூன்றையும் சேர்த்து ஒகரக்குறியாக்கும் விதியை முதலில் இயக்கவேண்டும். மேற்காட்டிய விதியை முந்தி இயக்கினால் ககரம், கொம்பு, கால் என்னும் தொடர் எஞ்சும். திரையில் அதுவும் ‘கொ’ என்றே தோன்றும். கணினிக்கு அது ஒரே ஒகரக்குறி உடைய ‘கொ’ அன்று. நன்னூலார் பொதுவிதிக்கும் சிறப்புவிதிக்கும் உறவு சொன்னதை வகுப்பில் படித்தோர்க்கு இவ்விதி வரிசை புதிதாகத் தோன்றாது.

இத்தகைய இரட்டை வடிவங்களை ஒன்றாக்க ஒருங்குறியே இயல்பாக்கம் என்னும் முறையை வகுத்துள்ளது. தேடுமுன் கோப்பை இயல்பாக்கினால் இரண்டு ‘கொ’வும் ஒன்றாகும். ஆயினும் இயல்பாக்கத்தால் தீராத மயக்கங்கள் உண்டு. ‘கௌரவம்’ என்பதில் ஔகாரக்குறி இடாமல், கொம்பும் ககரமும் ளகரமுமாகக் ‘கெளரவம்’ என்று தட்டுவது இணையத்தில் மிகப் பரவலான வழக்கம். ‘ஔ’ என்பதை ஒகரமும் ளகரமுமாகத் தட்டுவதும் அவ்வாறே. இவற்றை ஒருங்குறி வெவ்வேறு எழுத்துகளாகவே கொள்ளும், ஏனெனில் அவை உண்மையிலேயே வெவ்வேறு எழுத்துகள். தேடுவோர்தாம் இரண்டையும் கோலத்தில் இடவேண்டும்.

ஓரெழுத்துக்கு ஓர் எண் என்னும் பழைய கனவுக்குத் தமிழிலும் ஒரு வடிவம் உண்டு. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் தரும் டேஸ் 16 குறியேற்றத்தை, ஒருங்குறியோடு சேர்த்துத் தமிழக அரசு 2010 ஜூனில் ஏற்றது. அதில் புள்ளிக்குறி ஓர் எழுத்தையே விழுங்கும், ஆடும் காடும் சேர்ந்தே கிடைக்கும். ஆனால் அது ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் அமைந்ததால், உலகளாவிய உரைப் பரிமாற்றத்தில் ஒருங்குறியே நிலைத்தது. எனவே இலக்கணம் எண்ணும் எழுத்துக்கும் கணினி எண்ணும் குறிக்கும் இடையிலான தொலைவை ஒவ்வொரு கோலத்திலும் நாமே கடக்கவேண்டியுள்ளது.

சகரத்தின் கேள்வி

இத்தொலைவு ஆய்வு முடிவுகளைத் தொடும் இடம் ஒன்றைக் காட்டுகிறேன். எவ்வெழுத்துகள் சொல்லின் முதலில் வரும் என்று தொல்காப்பியம் மொழிமரபில் வரையறுக்கிறது. க, த, ந, ப, ம ஆகியவை எல்லா உயிரோடும் வரும். சகரம் அ, ஐ, ஔ என்னும் மூன்றோடு வாராது. வகரம் உ, ஊ, ஒ, ஓ ஆகியவற்றோடு வாராது. ஞகரம் ஆ, எ, ஒ ஆகிய மூன்றோடும், யகரம் ஆகாரத்தோடும் மட்டுமே வரும். தானியங்கிக் கோட்பாட்டின் மொழியில் சொன்னால், இவை கிளீனியின் கோலங்களுள் முற்றிலும் அடங்கும் விதிகள். ஒலியியல் விதிகளின் பெரும்பகுதி இவ்வகுப்பில் அடங்கும் என்பதை டக்ளஸ் ஜான்சன் 1972இலும், ரொனால்ட் கேப்லனும் மார்ட்டின் கேயும் 1994இலும் காட்டினர். இதைக்கொண்டு தொல்காப்பியர் கணினியியலை முன்னறிந்தார் என்று கூறுவது வீண்பெருமை. இலக்கண விதியைத் தேடத்தக்க கோலமாகப் பெயர்க்கலாம், பெயர்த்துச் சோதிக்கலாம் என்பதே நமக்குப் பயனுள்ள செய்தி.

சகரம் பற்றிய விதி இலக்கியங்களின் காலம் பற்றிய விவாதங்களில் அடிக்கடி எடுத்தாளப்படுவது. புறநானூற்றில் ‘சகடம்’ என்னும் சொல் வருகிறது. இத்தகைய சொற்கள் எத்தனை, எந்நூல்களில் உள்ளன என்று அறிய விரும்புவோர் தேடற்பெட்டியில் சகரத்தை இட்டால் சா, சி, செ, ச் எல்லாம் வந்து குவியும். ஏனெனில் ‘ச’ என்பதிலுள்ள அகரத்துக்கு ஒருங்குறியில் தனிக்குறி இல்லை. மற்ற உயிர்களை அவற்றின் இருப்பால் தேடலாம். அகரத்தை இன்மையால்தான் தேடமுடியும்:

^(ச[^ா-்]|ச[ைௌ])

சகரத்தை அடுத்து உயிர்க்குறியும் புள்ளியும் அல்லாத ஏதோ ஒன்று, அல்லது சகரத்தோடு ஐகார ஔகாரக் குறிகள் என்பது இதன் பொருள். அடைப்புக்குள் முதலில் வரும் ^ குறி ‘இவை அல்லாதது’ என்று பொருள் மாறுவதைக் கவனிக்க.

இக்கோலமும் முடிவானதன்று. சீர் பிரிப்பில் தட்டப்பட்ட பாடத்தில் சொல்லின் தொடக்கம் சீரின் நடுவில் புதைந்திருக்கும். புணர்ச்சியில் சகரம் இரட்டித்து முந்திய சொல்லோடு ஒட்டியிருக்கும். வரித்தொடக்கத்தில் தேடும் கோலம் இவற்றைக் காணாது. சொற்பிரிப்புப் பாடம் ஒன்றில் தேடிப் பெற்ற எண்ணிக்கையும், சீர்ப்பாடத்தில் பெற்ற எண்ணிக்கையும் வேறுபடும். எந்தப் பாடம் என்று குறிப்பிடாத எண்ணிக்கையை இன்னொருவர் சரிபார்க்க வழியில்லை.

பெங்களூரின் கற்கள்

இச்சிக்கல்கள் எல்லாம் ஒன்றுகூடும் இடம் கல்வெட்டு. பெங்களூரில் இருந்துகொண்டு தமிழ் ஆய்வு செய்வோர்க்கு அது கைக்கெட்டும் தொலைவிலேயே உள்ளது. இந்நகரில் பிறந்த பெஞ்சமின் லூயிஸ் ரைஸ் பதிப்பித்த எபிகிராஃபியா கர்னாடிகா வரிசையில், பெங்களூர் மாவட்டத்துக்குரிய ஒன்பதாம் தொகுதியும் கோலார் மாவட்டத்துக்குரிய பத்தாம் தொகுதியும் 1905இல் வெளிவந்தன. இரண்டிலும் தமிழ்க் கல்வெட்டுகள் ஏராளம். டொம்லூர் சொக்கநாதர் கோயிலிலும் மடிவாளா சோமேசுவரர் கோயிலிலும் அவற்றை இன்றும் காணலாம். நகரிலும் சுற்றிலும் உள்ள கல்வெட்டுகளை மிதிக் சொசைட்டியைச் சேர்ந்தோர் அண்மை ஆண்டுகளில் முப்பரிமாண முறையில் வருடிப் பாதுகாத்து வருகின்றனர். இந்திய அறிவியல் கழகத்தில் ஏ. ஜி. ராமகிருஷ்ணன் குழுவினர் தமிழ், கன்னட அச்செழுத்துகளைப் படித்து உரையாக்கும் மென்பொருள்களை உருவாக்கியுள்ளனர். பழைய பதிப்புகள் தேடத்தக்க உரைகளாக மாறும் காலம் இது.

ஆனால் கல்லில் நம் முதற்புள்ளி பெரும்பாலும் இல்லை. சில தமிழ்ப் பிராமிப் பொறிப்புகளிலேயே புள்ளி தென்படுவதை ஐராவதம் மகாதேவன் எடுத்துக்காட்டினார். எனினும் இடைக்காலக் கல்வெட்டுகளில் அதை இடாமல் விடுவதே பெருவழக்கு. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு இல்லை. வீரமாமுனிவரின் சீர்திருத்தத்துக்குப் பின்னரே நெடில்களுக்கு இன்றைய வடிவம் நிலைத்தது. காலும் ரகரமும் ஒரே உருவில் எழுதப்பட்டன. பதிப்பாசிரியர்களில் சிலர் புள்ளியும் நெடிலும் சேர்த்துப் படிப்பர், சிலர் கல்லில் உள்ளவாறே தருவர். தேடுவோர் இரண்டையும் எதிர்கொள்ள நேரும்.

டொம்லூர்க் கல்வெட்டுகளில் அவ்வூர்க்குத் தேசிமாணிக்கப்பட்டணம் என்னும் மறுபெயர் வருகிறது. இப்பெயரை இன்றைய எழுத்துமுறையில் தட்டித் தேடினால், கல்லில் உள்ளவாறே பெயர்த்த கோப்பில் ஒன்றும் கிடைக்காது. அங்கே அது ‘தெசிமாணிககபபடடணம’ என்பது போல இருக்கலாம். கோலத்தை இவ்வாறு அமைக்கலாம்:

த[ெே]சிமாணிக்?கப்?பட்?ட[ணன]ம்?

கேள்விக்குறி ‘முன்னுள்ள குறி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்’ என்று பொருள்தருவது. ‘க்?’ என்பதில் கேள்விக்குறிக்கு முன்னுள்ள குறி ககரம் அன்று, அதன் தலைமேலுள்ள புள்ளி. ஆகவே ‘ககரம் கட்டாயம், புள்ளி விருப்பம்’ என்றாகிறது. கல்வெட்டுக்கு நமக்கு வேண்டியதும் அதுவே. ‘க்’ என்பது இரு குறிகளாகப் பிரிந்திருப்பது எதுகை தேடியபோது இடையூறாயிற்று, இங்கே துணையாகிறது.

இதே கோலத்தை ஸ்விஃப்ட் போன்ற, பயனர் காணும் எழுத்தையே அலகாகக் கொள்ளும் நிரல்மொழியில் இயக்கினால் பொருள் மாறிவிடும். அங்கே ‘க்’ முழுவதும் ஓரலகு. எனவே ‘க் என்னும் எழுத்தே இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்’ என்றாகி, புள்ளியில்லாத கல்வெட்டு வடிவம் தப்பிவிடும். ஒரே கோலம், இரு கருவிகள், இரு முடிவுகள். எது சரி என்பதை இலக்கணமும் தீர்மானிக்காது, கணினியும் தீர்மானிக்காது. எந்தப் பாடத்தில் எதைத் தேடுகிறோம் என்பதே தீர்மானிக்கும்.

ஆய்வேட்டில் எழுதவேண்டியவை

அடைவு நூல்களின் முன்னுரையைப் பார்த்தால், எந்தப் பதிப்பைக் கொண்டார்கள், சொற்களை எவ்வாறு பிரித்தார்கள், பாடவேறுபாடுகளை எங்கே வைத்தார்கள் என்பன சொல்லப்பட்டிருக்கும். கணினியில் தேடத் தொடங்கிய பிறகு அவ்வொழுக்கம் தளர்ந்துவிட்டது. தேடற்பெட்டி ஒரு நொடியில் விடை தருவதால், அதன் பின்னாலுள்ள தெரிவுகள் கண்ணுக்குப் படுவதில்லை.

தேடலை அடிப்படையாகக் கொண்ட முடிவு எதுவாயினும், ஆய்வேட்டில் நான்கு செய்திகள் இடம்பெறவேண்டும் என்று கருதுகிறேன். முதலாவது, எந்த மின்னுரை, அது எந்தப் பதிப்பிலிருந்து வந்தது, சீர்ப் பிரிப்பா சொற்பிரிப்பா என்பது. இரண்டாவது, குறியேற்றமும் இயல்பாக்கமும். மூன்றாவது, இயக்கிய கோலம் ஒரு குறி விடாமல். நான்காவது, எந்தக் கருவி, எந்தப் பதிப்பு என்பது. இந்நான்கும் பின்னிணைப்பில் அரைப்பக்கத்தில் அடங்கும். இவை இருந்தால் ஒருவரின் ‘இல்லை’ என்னும் முடிவை மற்றொருவர் சோதிக்கலாம், திருத்தலாம், விரிக்கலாம். இவை இல்லாவிடில் அது சான்றாகாது, ஆய்வாளரின் கருத்தாகவே எஞ்சும்.

மேலுள்ள கோலங்களைத் தங்கள் கோப்புகளில் இயக்கிப் பார்ப்போர் விடுபாடுகளைக் கண்டால் இப்பதிவின் கீழ் எழுதுங்கள். கல்வெட்டு வாசிப்பில் பழக்கமுள்ளோர், புள்ளியும் நெடிலும் தவிர வேறு எவ்வகை மயக்கங்களைக் கோலத்தில் இடம்பெறச் செய்யவேண்டும் என்று சுட்டினால் மாணவர் பலருக்கும் உதவும்.